மூன்றாவது பெடல்

பெடல் ஸ்டீல் ஒன்று கொழும்புத் துறைமுகம் வந்து சேர
என்ன செலவாகும் என்று நானே கணக்குப் போட்டிருக்கிறேன்.
அதுதான் என் வேலை. ஆமர் வீதியில், மூன்றாம் மாடியில்,
மற்றவர்களின் பெட்டிகளுக்குத் தீர்வை எழுதுவது.
கப்பற்கூலி, தீர்வை, வற் வரி, துறைமுக வரி,
கீழே கோடிட்டுக் கூட்டினேன்.
பத்தொன்பது மாதச் சம்பளம், சாப்பிடாமல் இருந்தால்.
தாளை மடித்து லாச்சிக்குள் வைத்தேன்.

ஆகையால் மடிதான்.
ஆறு தந்தி, ஒரு பலகை, ஒரு இரும்புத் துண்டு.
சேலை வழுக்கும் என்பதால் பலகைக்குக் கீழே
குளியலறை ரப்பர் விரிப்பில் வெட்டிய ஒரு சதுரம்.

இரும்பும் வழுக்கக் கூடாது.
இழுத்துக்கொண்டே சுரத்துக்குப் போனால்
கேட்பவருக்குக் கடற்கரை தெரிந்துவிடும்,
தென்னை, பூமாலை, ஹவாய்.
பெடல் அப்படிப் போகாது.
அங்கே ஒரு தந்தி நின்ற இடத்தில் நிற்கும்,
பக்கத்துத் தந்தி மட்டும்
கதிரையிலிருந்து எழும்புகிற ஆளைப் போல
எழும்பும்.

அதற்கு மோதிரவிரல்.
இரும்புக்குப் பின்னால், சபை பார்க்காத பக்கத்தில்,
மூன்றாம் தந்தியைக் கொக்கி போட்டு இழுத்தால்
காந்தாரம் மத்திமமாகும். அரைப்படி. சுகம்.
இரண்டாம் தந்தியில் பஞ்சமம் தைவதமாக வேண்டும்.
முழுப்படி.
அங்கேதான் தோல் கிழிகிறது.

இழுக்கும்போது கை ஆடக் கூடாது.
இது எனக்குக் கடைசியாகத்தான் வந்தது,
பாட்டு வகுப்பில் ஆட்டி ஆட்டியே பழகிய சுரங்கள்.
இயந்திரத்துக்கு நடுக்கம் கிடையாது.
ஏறு. நில். மூன்று எண்ணு.
நடுங்குவதென்றால் பிறகு நடுங்கு.

சில இடங்களில் இரும்பைச் சரித்துப் பிடிப்பேன்,
காலி வீதியில் கடற்காற்றுக்குக் குடை சரிக்கிற மாதிரி.
கீழ்க்கட்டைகளில் அகன்ற கோணம்,
மேலே போகப் போக ஒடுங்கும்.
கண்ணை நம்பினால் அபசுரம்.

ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு மிதி.
நகம் தந்தியில் படும் சத்தம் வெளியே போகாமல்
முதலில் அடக்கி, பிறகு மெல்ல மிதிக்க வேண்டும்.
செருப்பைக் கழற்றிவிடுவேன்.
வெறுங்காலுக்குத்தான் அளவு தெரியும்.

கல்கிசை ஹோட்டலில் போன சனி,
யாரோ பேர்கர் குடும்பத்தின் நாற்பதாவது கல்யாண நாள்.
மடியில் பலகை வைத்த பெண் மேடைக்கு அழகில்லை என்று
மனேஜர் என் முன்னால் ஒரு மேசையை நிறுத்தி
நிலம் தொட வெள்ளைத் துணி விரித்து
பூச்சாடியும் வைத்துவிட்டார்.
ஜெரோம் டிரம்ஸைத் தடவிக்கொண்டிருந்தான்,
துவான் ரிஸ்மியின் பேஸ் மெதுவாக நடந்தது,
நான் இரண்டாம் தந்தியை இழுத்துப் பிடித்தபடி இருந்தேன்,
பல்லைக் கடித்து.

இடைவேளையில் ஒரு அம்மா வந்தார், மெல்பனில் இருந்து.
ஒரு கையில் கேக், மறு கையில் ஊன்றுகோல்.
தன் தமையனிடம் ஒன்று இருந்ததாம், அங்கே, கராஜுக்குள்.
ஊன்றுகோலால் மேசைத்துணியைத் தட்டிச் சொன்னார்:
மகள், உன் மூன்றாவது பெடலுக்கு எண்ணெய் விடு.
ஏறும்போது கொஞ்சம் தயங்குது.

துணிக்குப் பின்னால்
வெறுங்காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.
சரி ஆன்ட்டி, இன்றைக்கே விடுறேன்.
ரிஸ்மி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
அவன் தோள் குலுங்கியது.

நூறாம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டை, அங்கிருந்து ஆட்டோ.
கொட்டாஞ்சேனையில் எல்லாரும் தூக்கம்.
லைட் போடாமல் குசினிக்குள் போய்
நல்லெண்ணெய்ப் போத்தலைத் திறந்து
விரல்நுனிப் பிளவில் ஒரு துளி விட்டேன்.
எரிந்தது.
மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன்.
தயங்கத்தான் செய்கிறது.

நல்ல காது அந்த மனுசிக்கு.